எந்த நாற்பது கால்?

1970-களின் கம்ப்யூட்டர் ஒன்றை இன்று வீட்டில் உட்கார்ந்து கட்டுவதால் காசுக்கும் பயனில்லை, வேலைக்கும் பயனில்லை. சட்டைப்பையில் கிடக்கும் சாதாரண போன் அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக ஓடும். ஆனால் போனைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. இந்தப் பழைய கணினியில் ஒவ்வொரு கம்பியும் எங்கிருந்து எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று விரலை வைத்துச் சொல்லலாம். அந்த ஆசை பிடித்தவர்களுக்காக இந்தப் பத்தி. பிடிக்காதவர்கள் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பலாம், தப்பில்லை.

என் அண்ணன் மகனுக்குப் பிடித்துவிட்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி அண்ணாமலை நகருக்குப் படிக்கப் போய்வருகிறவன். சிதம்பரம் கீழ வீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும், "சித்தப்பா, இசட்80 வாங்கட்டுமா, 6502 வாங்கட்டுமா?" என்றான். யூடியூபில் அவன் பார்த்த வீடியோ எல்லாம் இந்த இரண்டு மைக்ரோபிராசஸர் சிப்புகளைப் பற்றித்தான்.

"போன செமஸ்டர் லேபில் எதில் புரோகிராம் போட்டே?"

"8085-ல."

"அது ஏன் உன் லிஸ்ட்லயே இல்லை?"

"அது சிலபஸ், சித்தப்பா."

பாடத்தில் வந்துவிட்ட எதுவும் நம் பிள்ளைகளுக்கு ருசிக்காது. சங்க இலக்கியத்துக்கே அந்தக் கதிதான், 8085 எம்மாத்திரம். இருந்தாலும் அவன் கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் சொல்வதும் அதையேதான்: முதல் கணினிக்கு இசட்80 அல்லது 6502. அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊருக்கும் அதுதானா என்று பார்ப்போம்.

மூன்றுக்கும் 40 கால். மூன்றும் 8 பிட். மூன்றும் 64 கிலோபைட் நினைவகத்தை எட்டும். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்: 6502 பிறந்தது 1975, மற்ற இரண்டும் 1976. சொந்தக்காரர்களும்கூட. இன்டெல் 1974-ல் 8080 என்ற சிப்பைக் கொண்டுவந்தது. அதைச் செய்த ஃபெடெரிகோ ஃபஜின் வெளியே வந்து சைலாக் என்ற கம்பெனியைத் தொடங்கினார்; 8080-ஐ வடிவமைத்த மசதோஷி ஷீமாவும் அங்கே போய்ச் சேர்ந்தார். 8080-க்கு எழுதிய புரோகிராம்களையும் ஓட்டும், கூடுதலாகப் பல வேலையும் செய்யும் என்று அவர்கள் கொண்டுவந்ததுதான் இசட்80. இன்டெல் சும்மா இருக்குமா? 8080-க்கு மூன்று விதமான வோல்ட்டேஜ் வேண்டும்: +5, -5, +12. கூடவே கடிகாரத்துக்கு ஒரு சிப், பஸ்ஸைக் கட்டுப்படுத்த ஒரு சிப். இவற்றையெல்லாம் உள்ளே அடக்கி, 5 வோல்ட் மட்டும் போதும் என்று 8085-ஐ வெளியிட்டது. பெயரின் கடைசி 5 அந்த 5 வோல்ட்தான்.

6502 வேறு குடும்பம். மோட்டரோலாவில் 6800 சிப்பில் வேலை செய்த சக் பெடில் தம் ஆட்களோடு மாஸ் டெக்னாலஜிக்குப் போய்ச் செய்தது. 8080 வெளிவந்தபோது விலை 360 டாலர். 6502-ஐ 25 டாலருக்கு விற்றார்கள். ஆப்பிள், கமடோர், அட்டாரி ஆகியவற்றின் வீட்டுக் கணினிகள் அந்த விலையால் பிறந்தவை என்றால் மிகையில்லை. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வியைக் கொண்டுபோனபோது வந்த பிபிசி மைக்ரோவுக்குள்ளும் 6502-தான் இருந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன், "சரி, எது ஃபாஸ்ட்?" என்றான். கேட்கக் கூடாத கேள்வி இதுதான். இங்கே வேகத்தை வைத்துக்கொண்டு செய்யப்போவது ஒன்றுமில்லை. முதலில் கேட்க வேண்டியது: கட்டி முடித்ததும் அதில் என்ன ஓட வேண்டும்?

விளையாட்டும் பழைய மென்பொருளும் வேண்டும் என்றால் ஒரு பதில். 1970-களின் கடைசியில் அலுவலகக் கணினிகளை ஆண்ட சிபி/எம் என்ற இயக்கமுறை வேண்டும் என்றால் இன்னொரு பதில். நாமே எழுதும் நாலு வரி புரோகிராம் ஓடினால் போதும், ஆனால் வன்பொருளின் ஒவ்வொரு கம்பியும் புரிய வேண்டும் என்றால் வேறொரு பதில். இவனுக்கு வேண்டியது மூன்றாவது. "அப்புறம் முடிஞ்சா சிபி/எம்மும் ஓடணும்" என்று சேர்த்துக்கொண்டான்.

சிபி/எம் என்றாலே இசட்80 என்று நினைப்பவர்கள் அதிகம். கேரி கில்டால் அதை எழுதியது 8080-க்கு. ஆகவே 8085-லும் அது ஓடும். வேர்ட்ஸ்டார் ஓடும், மைக்ரோசாஃப்டின் பேசிக் ஓடும். டர்போ பாஸ்கல் மட்டும் ஓடாது. அது இசட்80-க்கே உரிய கட்டளைகளைப் பயன்படுத்துகிறது. இதற்கு நேர்மாறாக ஒரு சிக்கலும் உண்டு. 8085-ல் ரிம், சிம் என்று இரண்டு கட்டளைகள் கூடுதல். அவற்றின் எண்கள் 20, 30. அதே எண்களை இசட்80 தாண்டுதல் கட்டளைகளுக்கு வைத்திருக்கிறது. 8085-க்கு எழுதிய புரோகிராமில் சிம் இருந்து, அதை இசட்80-ல் போட்டால் அது எங்கேயாவது தாவிப் போய்விடும். தேடுகிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

இப்போது 8085-ன் பெரிய குறைக்கு வருவோம். மறைத்துப் பேசினால் விற்பனைப் பேச்சாகிவிடும். இசட்80-க்கும் 6502-க்கும் முகவரிக்கு 16 கால், தரவுக்கு 8 கால் தனித்தனியாக உண்டு. கம்பியை இழுத்து ராமிலும் ரோமிலும் நேராகச் சேர்த்துவிடலாம். 8085-ல் முகவரியின் கீழ்ப் பாதியும் தரவும் ஒரே எட்டுக் கால்களில் வருகின்றன. இந்த டீக்கடையில் பையன் முதலில் "மூணாம் டேபிள்" என்று குரல் கொடுக்கிறான், ஒரு மூச்சு விட்டு "ரெண்டு ஸ்ட்ராங்" என்கிறான். மாஸ்டர் அந்த மூன்றை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் டீ சரியான இடத்துக்குப் போகும். 8085-க்கு அப்படி மனத்தில் வைத்துக்கொள்ள 74எல்எஸ்373 என்ற லாட்ச் சிப் ஒன்று வேண்டும். 'இப்போது வருவது முகவரி' என்று ஏஎல்இ என்ற கால் அதற்குச் சைகை காட்டும். ஒரு சிப், இருபது கால், சுமார் இருபது கம்பி கூடுதல். இவ்வளவுதான் குறை. ஆனால் பிரெட்போர்டில் கட்டுகிறவன் தப்பு செய்யும் இடமும் இதுவே என்பதால் சின்னக் குறை என்று சொல்ல மனம் வரவில்லை.

இந்த இரட்டை வேலையால் மிச்சமான கால்களை இன்டெல் வீணாக்கவில்லை. அவற்றில் நான்கு, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முகவரிக்குப் போகும் இடையீட்டு (இன்டரப்ட்) கால்கள்: டிராப், ஆர்எஸ்டி 7.5, 6.5, 5.5. இன்னும் இரண்டு எனக்கு மிகப் பிடித்தவை: எஸ்ஐடி, எஸ்ஓடி. ஒன்று உள்ளே ஒரு பிட்டை வாங்கும், மற்றது வெளியே ஒரு பிட்டை விடும். மேலே சொன்ன ரிம்மும் சிம்மும் இவற்றுக்காகவும் அந்த இடையீடுகளைக் கட்டுப்படுத்தவும்தான். இந்த இரண்டு கால்களில் ஒரு யூஎஸ்பி-டிடிஎல் மாட்யூலைச் சேர்த்தால் லேப்டாப் திரையே உங்கள் கணினியின் டெர்மினல். தொடர்வரிசைத் தொடர்புக்கென்று தனி சிப் வேண்டாம்.

இங்கே கிரிஸ்டல் பற்றி ஒரு கணக்கு. 8085 தனக்குத் தந்த கிரிஸ்டலின் அதிர்வெண்ணைப் பாதியாக்கிக்கொள்ளும். கடையில் 6 மெகாஹெர்ட்ஸ் கொடுப்பார்கள், வாங்கிவிடாதீர்கள். 6.144 என்று கேட்டு வாங்குங்கள். பாதி 3.072. நொடிக்கு 9600 பிட் அனுப்ப வேண்டும் என்றால் ஒரு பிட்டுக்கு 30,72,000-ஐ 9600-ஆல் வகுத்து 320 துடிப்பு. மிச்சமில்லாத முழு எண். 6 மெகாஹெர்ட்ஸில் அது 312.5 ஆகும், அரைத் துடிப்பை எங்கே போய் எண்ணுவது? ஓடாது என்றில்லை, இவ்வளவு சின்னப் பிழையை எதிர்முனை பொறுத்துக்கொள்ளும். பிற்பாடு 8251 போன்ற தனி சிப் வைத்து அதன் கடிகாரத்தையும் இதிலிருந்தே எடுக்க நினைத்தால், 6.144-ல் 20-ஆல் வகுத்தால் போதும், 6-ல் இரண்டு சதவீதத்துக்கு மேல் பிசகும். இசட்80 ஆட்கள் 7.3728 என்று விநோதமான எண்ணில் கிரிஸ்டல் வாங்குவதும் இதே காரணத்தால்தான். 64-ஆல் வகுத்துப் பாருங்கள், 1,15,200 வரும்.

"6502-ல என்ன குறை?" என்றான். குறை என்று சொல்ல முடியாது, குணம் வேறு. இன்டெல் வகைச் சிப்புகளில் 'படி' என்பதற்கு ஒரு கால், 'எழுது' என்பதற்கு ஒரு கால். 6502-ல் இரண்டுக்கும் ஒரே கால்தான். கடிகாரத் துடிப்போடு சேர்த்துத்தான் அதற்குப் பொருள். வெளிக்கருவிகளுக்கென்று தனி முகவரி வரிசையும் கிடையாது, நினைவகத்திலேயே ஒரு மூலையை ஒதுக்க வேண்டும். நம் கல்லூரிகளில் புழங்கும் 8255, 8253, 8279 எல்லாம் இன்டெல் வகை. அவற்றை 6502-ல் கோக்க இடையில் ஒன்றிரண்டு கேட் போட வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் ரோம் உட்காரும் இடம். இசட்80-ம் 8085-ம் ரீசெட் ஆனதும் முகவரி 0000-லிருந்து படிக்கத் தொடங்கும். அதனால் ரோம் அடியில் இருக்க வேண்டும். 6502 உச்சியில் இருக்கும் இரண்டு பைட்டைப் பார்த்து, அவை காட்டும் இடத்துக்குப் போகும். அதனால் ரோம் மேலே, ராம் கீழே. 6502-க்கு முதல் 256 பைட் தன் கைப்பெட்டி மாதிரி. அங்கே ராம் இல்லாமல் அதனால் குடித்தனம் பண்ண முடியாது. 8085-ல் 32 கிலோபைட் ரோம் ஒன்று, 32 கிலோபைட் ராம் ஒன்று என்று எடுத்தால், ஏ15 என்ற உச்ச முகவரிக் கம்பியை ரோமுக்கு நேராகவும் ராமுக்கு ஒரு இன்வெர்ட்டர் வழியாகவும் கொடுத்தால் நினைவகப் பங்கீடு முடிந்தது. சிபி/எம் ஓட்டும் ஆசை இருந்தால் இது போதாது. அதற்கு அடியிலிருந்தே ராம் வேண்டும், ஆனால் ரீசெட்டில் அடியில் ரோம்தான் இருக்க வேண்டும். ஒரு 74எல்எஸ்74 வைத்து, தொடங்கியதும் ரோமை விலக்கிவிடும் தந்திரம் உண்டு. அதை இரண்டாவது போர்டில் செய்துகொள்ளலாம். இடம் விட்டு வைத்தால் போதும்.

சரி, எது கடையில் கிடைக்கும்? இதில் 6502-க்குத்தான் முதல் மதிப்பெண். பில் மென்ஷ் தொடங்கிய வெஸ்டர்ன் டிசைன் சென்டர், டபிள்யூ65சி02எஸ் என்ற பெயரில் அதை இன்றும் புதிதாக விற்கிறது. 5 வோல்ட்டில் 14 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். கடிகாரத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய் வந்து மறுபடி தொடங்கினாலும் நினைவு தவறாது. பழைய என்மாஸ் சிப்புகளில் இது நடக்காது. கடிகாரம் மெதுவானாலே உள்ளே இருப்பது ஆவியாகிவிடும். ஒவ்வொரு துடிப்பாகப் பட்டனை அமுக்கிப் படிப்படியாகப் பார்த்துக் கற்க விரும்புகிறவருக்கு இது பெரிய வசதி. இசட்80-லும் சீமாஸ் வகையான இசட்84சி00-க்கு இந்த வசதி உண்டு. ஆனால் 2024 ஏப்ரலில் சைலாக் அந்தத் தனிச் சிப்பின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, ஜூன் 14-ஐக் கடைசி ஆர்டர் தேதி என்று வைத்தது. 48 வருடம் ஓடிய ஓட்டம். அதற்காகப் பதற வேண்டாம். உலகத்தில் கிடக்கும் இசட்80-கள் நம் ஆயுளுக்குப் போதும்.

8085 புதிதாகக் கிடைக்காது. பழைய இருப்பு, அல்லது போர்டிலிருந்து கழற்றியது. சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம், ஆன்லைனிலும் வரும். ஆனால் கடலூர், சிதம்பரம், பாண்டிச்சேரிப் பக்கம் இதற்கு வேறொரு சுரங்கம் இருக்கிறது. பாலிடெக்னிக்குகளும் பொறியியல் கல்லூரிகளும் பல பத்தாண்டுகளாக வாங்கிக் குவித்த 8085 பயிற்சிக் கிட்டுகள். பாடம் 8086, 8051, ஆர்ம் என்று நகர நகர இவை பீரோவுக்குள் போகின்றன, பிறகு கழிவுப் பட்டியலுக்குப் போகின்றன, கடைசியில் காயலான் கடைக்கு. அந்தக் கிட்டில் ஒன்று கிடைத்தால் 8085 மட்டுமா, 8255, 8279, 8251, 8253, ஏழு பிரிவு எண்காட்டி, கீபோர்டு என்று மொத்தக் குடும்பமும் ஐசி பேஸில் உட்கார்ந்தபடி வந்து சேரும்.

நான் 8085 பக்கம் சாய்வதற்கு இது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், கிட் இன்னும் லேபில் உயிரோடு இருப்பது. வீட்டில் கணினி கட்டுகிறவனுக்கு வரும் முதல் திண்டாட்டம், ஓடவில்லை என்றால் தப்பு சிப்பிலா, கம்பியிலா, புரோகிராமிலா என்று தெரியாதது. வெளிநாட்டில் இதற்கு லாஜிக் அனலைசர் வாங்குகிறார்கள். நம் பையன் என்ன செய்யலாம்? லேப் இன்ஸ்ட்ரக்டரிடம் அனுமதி கேட்டு, ஆன்லைனில் வாங்கிய 8085-ஐக் கிட்டின் பேஸில் மாட்டி ஆன் செய்யலாம். கிட் விழித்துக்கொண்டால் சிப் நல்லது. எழுதிய புரோகிராமை 4100-லிருந்து அடித்து ஓட்டிப் பார்க்கலாம். ஓடினால் புரோகிராம் நல்லது. முகவரியை மட்டும் தன் போர்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால் போதும். இரண்டும் நல்லதென்றால் தப்பு கம்பியில்தான். மூன்று சந்தேகம் ஒன்றாகிவிட்டது.

4100 என்றதும் சிரித்தான். தமிழ்நாட்டில் 8085 லேப் நோட்டு வைத்திருந்த எவருக்கும் அந்த எண் மறக்காது. 4100-ல் தொடங்கு, இரண்டு எண்ணைக் கூட்டு, 76 போட்டு நிறுத்து. இதைச் செய்யாமல் தேறியவர் எத்தனை பேர்? கணக்கெடுத்தால் இந்தக் கீழ வீதியிலேயே ஒரு டஜன் தேறும். ரமேஷ் காவோங்கர் 8085 பற்றி எழுதிய தடிப் புத்தகம் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும். வீட்டுக்கு வீடு ஒரு அக்காவோ மாமாவோ ஏஎல்இ என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். 6502-க்கு இப்படி ஒரு ஆளை இந்த ஜில்லாவில் தேடிப் பாருங்கள்.

8085 ஏதோ பாடத்துக்கென்று செய்த பொம்மை என்ற எண்ணத்தையும் இங்கேயே கழற்றிவிடலாம். 1983-ல் டேண்டி விற்ற மாடல் 100 என்ற மடிக்கணினி நான்கு பென்சில் பேட்டரியில் ஓடியது. செய்தியாளர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். உள்ளே 80சி85. 1997-ல் செவ்வாயில் உருண்ட நாசாவின் சோஜர்னர் வண்டிக்குள்ளும் 80சி85. அண்ணன் மகன் முகம் இந்த இடத்தில்தான் கொஞ்சம் மாறியது. சிலபஸிலிருந்து அது செவ்வாய்க்குப் போய்விட்டதல்லவா.

பேட்டரி என்றதும் மின்சாரம். பழைய என்மாஸ் 8085 தனியாகவே 170 மில்லி ஆம்பியர் வரை குடிக்கும். சீமாஸ் வகை அதில் சின்னப் பங்கு. தானே புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஜில்லாவில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. 5 வோல்ட், 2 ஆம்பியர் போன் சார்ஜர் ஒன்று தாராளம். ஒவ்வொரு ஐசி பக்கத்திலும் ஒரு 104, அதாவது 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், காலுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் ஐசி பேஸில் காசு பார்க்காதீர்கள். உப்புக் காற்றில் மலிவு பேஸின் தகடு கறுத்துவிடும். உருண்டைத் துளை கொண்ட பேஸ் கொஞ்சம் விலை அதிகம், அதையே வாங்குங்கள். பழைய சிப்பின் கால்கள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுங்கள்.

போலிச் சிப் பற்றி இரண்டு வரி. மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டி வேறு எழுத்து அடித்து விற்பது பழைய தொழில். டபிள்யூ65சி02 என்று சொல்லிப் பழைய 6502-ஐத் தள்ளிவிடுவார்கள். பழையதில் முதல் கால் கிரவுண்டு; புதியதில் அதே கால் ஒரு சிக்னலை வெளியே விடும். எதை எங்கே மாட்டுகிறோம் என்று தெரியாமல் மாட்டினால் சேதம்.

எந்தச் சிப் வாங்கினாலும் ராம், ரோம் எதுவும் இல்லாமல் முதல் சோதனை ஒன்று செய்யலாம். 8085-க்கும் இசட்80-க்கும் 00 என்றால் 'ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ' என்ற கட்டளை. தரவுக் கால்கள் எட்டிலும் எப்போதும் 0 இருக்கும்படி செய்தால், சிப் 0000-லிருந்து உச்சி வரை முகவரியை எண்ணிக்கொண்டே ஓடிச் சுற்றும். இசட்80-ல் தரவுக் கால்களை நேராகக் கிரவுண்டில் கட்டுகிறார்கள். 8085-ல் அப்படிச் செய்துவிடாதீர்கள், அதே கால்களில் முகவரியும் வெளியே வருகிறதே. ஒவ்வொன்றுக்கும் 4.7 கே ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டு கொடுங்கள். 2 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் உள்ளே 1 மெகாஹெர்ட்ஸ். ஒரு கட்டளைக்கு 4 துடிப்பு. 65,536 முகவரியையும் சுற்றிவர கால் நொடிக்குச் சற்று அதிகம். 5 வோல்ட்டிலிருந்து 2.2 கே வழியாக ஒரு எல்இடியை ஏ15 காலில் கட்டினால் நொடிக்கு நான்கு தடவை கண் சிமிட்டும். சிமிட்டாவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது ரெடி, ஹோல்டு, டிராப் ஆகிய மூன்று கால்கள். ரெடி 5 வோல்ட்டில் இருக்க வேண்டும். ஹோல்டும் டிராப்பும் கிரவுண்டில். அந்தரத்தில் விட்டால் கண்டபடி ஆடும். பயன்படுத்தாத மற்ற இடையீட்டுக் கால்களும் கிரவுண்டுக்கே. இசட்80-ல் இதே வேலையைச் செய்யும் கால்களை 5 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டும். ஒரு சிப்பின் பழக்கத்தை இன்னொன்றில் காட்டினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம்.

இரண்டாவது டீ வந்தபோது, "இந்தியச் சிப் எதுவும் போட முடியாதா?" என்று கேட்டான். ஐஐடி மெட்ராஸ் செய்த சக்தி பிராசஸர் இருக்கிறது, பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அது இந்தக் காலத்து ரிஸ்க்-ஃபைவ் வகை. நாற்பது காலும் வெளியே நீட்டிக்கொண்டு பிரெட்போர்டில் உட்காரும் ஜாதி இல்லை. இந்தக் காலத்துச் சிப்பைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால், இசட்80-ஐ நடுவில் வைத்துக்கொண்டு, அதற்கு ரோமாகவும் கடிகாரமாகவும் சீரியல் போர்ட்டாகவும் ஒரு மைக்ரோகண்ட்ரோலரை வைக்கும் வடிவமைப்புகளும் உண்டு. மலிவு, சீக்கிரம் ஓடும். எஜமானைவிட வேலைக்காரன் வேகமாக ஓடும் அந்த வீட்டில் எனக்கு மனம் ஒட்டவில்லை. உங்களுக்கு ஒட்டினால் செய்யுங்கள். ரோம் என்றதும் இன்னொன்று: எழுதி எழுதி அழிக்கும் ரோம் வேண்டும் என்றால் புறஊதா விளக்கில் காட்ட வேண்டிய 27சி256-ஐ விட்டுவிட்டு 28சி256 வாங்குங்கள், மின்சாரத்தாலேயே அழியும்.

ஆக என் தீர்ப்பு. ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினியின் விளையாட்டும் டர்போ பாஸ்கலும் வேண்டும் என்றால் இசட்80-ன் சீமாஸ் வகை. புதுச் சிப்தான் வேண்டும், வீடியோ பார்த்துத் தனியாகக் கற்றுக்கொள்வேன் என்றால் டபிள்யூ65சி02எஸ். கடலூரிலோ சிதம்பரத்திலோ இருந்துகொண்டு, முதல் கணினியை அக்கம்பக்கத்து ஆட்களின் உதவியோடு கட்டப்போகிறீர்கள் என்றால் 8085, ஒரு 74எல்எஸ்373, ஒரு 6.144 கிரிஸ்டல். மூன்றையும் ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள்.

இதைப் படிக்கும் கல்லூரி லேப் இன்ஸ்ட்ரக்டர்களுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கழிவுப் பட்டியலில் 8085 கிட்டைச் சேர்ப்பதற்கு முன், ஒன்றையாவது ஓடும் நிலையில் லேபில் நிறுத்திவையுங்கள். சொந்தச் சிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்க்க எந்தப் பையனோ பெண்ணோ வந்து கேட்டால், பத்து நிமிடம் அந்த பேஸைக் கொடுங்கள்.